மெட்ரோ தண்ணியில் சாக்கடை வாடை – தெரு குரூப்பில் என்ன அறிவிப்பு போடுவது? (எம்.கே.பி. நகர் பக்கம்)

தெருமுனை_சின்டெக்ஸ் கேட்கிறார்:

வணக்கம். சென்னை வியாசர்பாடி எம்.கே.பி. நகரை ஒட்டிய குறுக்குத் தெரு, மொத்தம் 42 கதவு எண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை 5.30லிருந்து 8 மணி வரை மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியம் விடுவது) வரும். பத்து நாளாகத் தண்ணியில் சாக்கடை வாடை. சில வீட்டில் முதல் பத்து நிமிஷம் கறுப்பாக வந்து பிறகு தெளிகிறது, சில வீட்டில் கடைசி வரை கலங்கல்தான். தெருவின் கிழக்குப் பக்கம் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டி பாதியில் நிற்கிறது.

தெரு நலச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் தினசரித் தகவல் போடுவது என் பொறுப்பு. ஆனால் அதில் இப்போது ஓடுவதெல்லாம் "புழல் ஏரியே கெட்டுப்போச்சு", "தண்ணியில விஷம்" என்ற ஃபார்வர்டுகள். எனக்குத் தெரிய வேண்டியவை:

எந்த இடத்தில் கலக்கிறது என்று தோண்டாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? புகாரில் என்ன எழுதினால் சரியான ஆள் சரியான இடத்துக்கு வருவார்? அதுவரை சம்பில் (தரையடித் தொட்டியில்) இருக்கிற தண்ணியை என்ன செய்வது? குரூப்பில் எந்த மாதிரி அறிவிப்பு போட்டால் ஜனங்கள் பயப்படாமல் செய்ய வேண்டியதைச் செய்வார்கள்?

---

ஃபெரூல்காரர்:

புழல் கெட்டிருந்தா உங்க தெரு மட்டும் நாறாது. புழல் சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு 30 கோடி லிட்டர் சுத்தம் பண்ற அளவுக்குக் கட்டினது. அங்க தப்பு நடந்தா பாதி ஊர் கத்தும். உங்களுது தெருவுக்குள்ள நடக்கிற சமாச்சாரம். அந்த ஃபார்வர்டை முதல்ல நிறுத்துங்க.

எப்படிக் கலக்குதுன்னா, லைன்ல தண்ணி ஓடுற நேரத்துல பிரஷர் உள்ளேயிருந்து வெளிய தள்ளும். பைப்புல ஓட்டை இருந்தாலும் நல்ல தண்ணி வெளிய போகுமே தவிர, சாக்கடை உள்ள வராது. 8 மணிக்கு வால்வை மூடினதும் லைன் காலி. அப்போ பைப்பைச் சுத்தி மண்ணுல நிக்கிற கழிவுநீர் அதே ஓட்டை வழியா உள்ள இறங்கும். அடுத்த முறை தண்ணி விட்டதும் அது முதல்ல உங்க வீட்டுக்கு வரும். நாப்பது மணி நேரத்துக்கு மேல சும்மா கிடக்கிற லைனுக்கு இதுதான் கதி.

அதனால தண்ணி எப்போ கெட்டிருக்குங்கிறதைப் பார்த்தாலே பாதி விடை கிடைச்சிடும்.

முதல் பத்து நிமிஷம் மட்டும் கறுப்பு, அப்புறம் சுத்தம்னா: ஓட்டை சின்னது, சப்ளை இல்லாத நேரத்துல உள்ள போனது.

ஆரம்பம் முதல் கடைசி வரை கலங்கல்னா: பிரஷரே இல்லை. யாரோ லைன்ல நேரா மோட்டார் போட்டு உறிஞ்சுறாங்க, இல்லைன்னா பைப்பு கழிவுநீருக்குள்ள முழுசா மூழ்கியிருக்கு.

நல்லா வந்துட்டு கடைசி அரை மணி நேரம் மட்டும் நாறுதுன்னா: கிட்டத்தட்ட உறுதியா மோட்டார்தான். பிரஷர் குறையுற நேரத்துல மோட்டார் இழுத்தா, பக்கத்து மண்ணுல இருக்கிறதையும் சேர்த்து இழுக்கும். அடிபம்பும் அப்படித்தான். சப்ளை இல்லாத நேரத்துல "கொஞ்சம் அடிச்சுப் பாப்போம்"னு அடிக்காதீங்க. அது லைனுக்குள்ள சாக்கடையைக் கூப்பிடுற வேலை.

அடுத்தது, வீடு வாரியா கணக்கெடுங்க. ஒரு நோட்டுல 42 கதவு எண்ணையும் எழுதி, ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம்னு தெரு மாதிரியே வரைஞ்சுக்குங்க. தண்ணி வர்ற நாள்ல மூணு தடவை பார்க்கணும்: திறந்ததும், 15 நிமிஷம் கழிச்சு, நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. சம்புக்குள்ள விழுற இடத்துல பிடிக்கணும், சம்புக்கு உள்ளேயிருந்து எடுக்கக் கூடாது. இது ரொம்ப முக்கியம். சம்புத் தண்ணியைப் பார்த்துட்டு லைனைக் குத்தம் சொல்றதுல பாதிப் புகார் வீணாப் போகுது.

மூக்கை நம்பாதீங்க. மூணு வீடு மோந்து பார்த்ததும் மூக்கு மரத்துடும். குளோரின் டெஸ்ட் பாட்டில் வாங்குங்க. கொளத்தூர்ல வண்ணமீன் கடை வரிசையா இருக்கு, அங்க கேட்டா கிடைக்கும், மீன் வளர்க்கிறவங்களுக்கு அது தினசரித் தேவை. சின்னக் குழாய்ல தண்ணி பிடிச்சு, பெட்டியில போட்டிருக்கிற அளவுக்குச் சொட்டு விட்டா, குளோரின் இருந்தா மஞ்சளாகும். உடனே கலர் அட்டையோட ஒப்பிடுங்க, நேரம் போகப் போக நிறம் கூடிப் பொய் சொல்லும். டெஸ்ட் பண்ண தண்ணியைக் கீழ ஊத்திடுங்க, குடத்துல திருப்பி ஊத்தாதீங்க.

இதுல என்ன தெரியும்னா, நல்ல தண்ணி குளோரினோட வரும். சாக்கடை சேர்ந்த இடத்துல அது குளோரினைத் தின்னுடும். 11-ம் நம்பர்ல மஞ்சள், 13-ல மஞ்சள், 15-ல வெறும் தண்ணின்னு வந்தா, 13-க்கும் 15-க்கும் நடுவுலதான் வேலை. தோண்டவே வேணாம்.

---

கொடுங்கையூர்_அடுப்பங்கரை:

டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு "120தான் காட்டுது, தண்ணி நல்லாயிருக்கு" என்று சொல்பவர்கள் உங்கள் குரூப்பிலும் இருப்பார்கள். அந்த மீட்டர் கரைந்த உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. ஒரு குடம் தண்ணியில் ஒரு டம்ளர் சாக்கடை ஊற்றினாலும் எண் பெரிதாக ஏறாது. ஒரே வீட்டில் வழக்கமாக 150 காட்டுவது திடீரென்று 400 ஆனால் ஏதோ கலக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. எண் ஏறாததால் சுத்தம் என்று அர்த்தமில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் கேட்பது 100 மில்லியில் ஈ.கோலை (மலத்தில் இருக்கும் கிருமி) அறவே இருக்கக் கூடாது என்பது. அந்தப் பரிசோதனை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் செய்கிறார்கள். பாட்டிலைக் கேட்டு வாங்கி அதில்தான் பிடிக்க வேண்டும். வீட்டுத் தண்ணி பாட்டிலில் பிடித்துப் போனால் முடிவு செல்லாது.

இப்போதைக்கு வீட்டில் செய்ய வேண்டியது:

கண்ணுக்குக் கறுப்பாகவோ நுரையாகவோ தெரிகிற தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கழிவறைக்கு ஊற்றிவிடுங்கள், பாத்திரம் கழுவக்கூட வேண்டாம். தெளிந்த தண்ணியைத்தான் துணியில் வடிகட்டி, கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைக்க வேண்டும். காய்ச்சிய தண்ணியை வேறு குடத்துக்கு மாற்றி அதில் கையோடு சொம்பை விட்டால் காய்ச்சியதே வீண்.

பலரும் விட்டுவிடுகிற இடங்கள்: பல் தேய்க்கும் தண்ணி, இட்லி மாவு அரைக்கும் தண்ணி, சட்னியில் கடைசியாகக் கலக்கும் அரை டம்ளர், கொத்தமல்லி அலசும் தண்ணி, மோருக்கு ஊற்றுவது, குழந்தையின் பால் பாட்டில். மாவாவது பிறகு வேகும், சட்னி வேகாது.

பாத்திரம், குளியல், காய்கறிக்குப் பிளீச்சிங் கரைசல் வைத்துக்கொள்ளலாம். சீல் உடைக்காத பிளீச்சிங் பவுடர் 15 கிராம் எடுத்துக் கொஞ்சம் தண்ணியில் பசை மாதிரி குழைத்து, ஒரு லிட்டராகக் கரைத்து, பத்து நிமிஷம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, "குடிக்காதே" என்று எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் இருட்டில் வையுங்கள். 15 லிட்டர் குடத்துக்கு 5 மில்லி, அதாவது மருந்து மூடியில் இருக்கிற 5 மில்லிக் கோடு வரை. கலக்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கரைசலை வைத்திருக்காதீர்கள், வீரியம் போய்விடும். 15 கிராமைக் கண்ணால் அளக்காமல் மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் இருக்கிறவர்களுக்கு ஒன்று: சாக்கடை கலந்த தண்ணி ஒரு முறை உள்ளே போய்விட்டால் முன்னால் இருக்கிற வெள்ளை ஃபில்டர், கார்பன், உள்தொட்டி மூன்றுமே அழுக்கு. லைன் சரியான பிறகு அவற்றை மாற்றாமல், கழுவாமல் பழையபடி குடிக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சிய தண்ணியில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்கோ வயதானவருக்கோ சிறுநீர் குறைந்தாலும், மயக்கமாக இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காமல் 108. ஒரே தெருவில் மூன்று நான்கு வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால் உடனே மாநகராட்சி சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். தண்ணிப் புகாரை விட அது வேகமாக ஆட்களை வரவழைக்கும், இது அனுபவ உண்மை.

---

சம்பு_மூடி:

லைனைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். சம்பு பற்றி நான்.

நம் பக்கத்தில் சம்பு வீட்டு வாசலில்தான். அதே வாசலில் இரண்டடி தள்ளி பாதாள சாக்கடைச் சேம்பர். சேம்பர் நிரம்பி நிற்கிற வீட்டில், சம்புச் சுவரில் முடி அளவு வெடிப்பு போதும். இதைக் கண்டுபிடிக்க, ராத்திரி பத்து மணிக்குச் சம்புத் தண்ணி மட்டத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு மோட்டாரை அணைத்துவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சம்பு ஒழுகுகிறது. ஒழுகுகிற சம்பு காலியாகும்போது வெளித் தண்ணியை உள்ளே விடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறினால் கேட்கவே வேண்டாம். சம்பைக் காலி செய்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், அரை மணியில் எந்த மூலையில் ஈரம் கசிகிறது என்று தெரியும்.

சுத்தம் செய்கிற முறை: முதலில் மெயின் சுவிட்சில் மோட்டாரை அணையுங்கள். தண்ணியை இறைத்த பிறகு மூடியைக் குறைந்தது ஒரு மணி நேரம் முழுக்கத் திறந்து வையுங்கள், டேபிள் ஃபேனை வெளியே வைத்துக் காற்று உள்ளே போகிற மாதிரி திருப்புங்கள். உள்ளே இறங்கினால் மேலே ஒருவர் பார்வை எடுக்காமல் நிற்க வேண்டும், இறங்குகிறவர் இடுப்பில் கயிறு. முட்டை அழுகிய வாடை கொஞ்சம் இருந்தாலும் இறங்கவே வேண்டாம், மேலேயிருந்து நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் முடிந்ததைச் செய்யுங்கள். சேம்பருக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ எந்தக் காரணத்துக்கும் ஆள் இறக்கக் கூடாது. 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம், போகிற உயிரும் திரும்பாது. ஐந்நூறு ரூபாய்க்கு ஒருவரைக் கூட்டிவந்து இறக்குகிற பழக்கம் இன்னும் சில தெருவில் ஓடுகிறது.

சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு: 10 லிட்டர் வாளியில் 50 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்ததை எடுத்து, சுவர், தரை, மூடியின் உள்பக்கம் எல்லாம் பிரஷ்ஷால் பூசி, அரை மணி நேரம் விட்டுக் கழுவி இறைத்துவிடுங்கள். சம்பு முழுக்க மருந்துத் தண்ணி நிரப்புகிறவர்களும் உண்டு. ஆறடிக்கு ஐந்தடி, ஆழம் ஐந்தடி என்றால் 150 கன அடி, அதை 28.3-ஆல் பெருக்கினால் சுமார் 4,250 லிட்டர். அதற்கு 700 கிராம் பவுடர் வேண்டும், அத்தனை தண்ணியையும் பிறகு கொட்ட வேண்டும். நம் ஊரில் அது கட்டுப்படியாகாது, பூசிக் கழுவினால் போதும்.

மாடித் தொட்டியையும் விடாதீர்கள். 500 லிட்டர் தொட்டிக்கு 80 கிராம் கரைத்து நிரப்பி, வீட்டில் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூடி, ஆறு மணி நேரம் விட்டு, முழுக்கத் திறந்து விடுங்கள். ஆர்.ஓ. இணைப்பை முன்னதாகவே கழற்றிவிடுங்கள், இந்த அளவு குளோரின் மெம்ப்ரேனை அரித்துவிடும். பிறகு தினசரிக்கு 1,000 லிட்டருக்கு 5 கிராம்.

பிளீச்சிங் போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது விஷ வாயு, சம்பு மாதிரி மூடின இடத்தில் இரண்டு மூச்சு போதும்.

கடைசியாக, தண்ணியில் மண்ணெண்ணெய், டீசல் வாடையோ, மேலே வானவில் நிறத்தில் படலமோ தெரிந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. பிளீச்சிங்கும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம், தொடாமல் புகார் கொடுங்கள்.

---

தெருமுனை_சின்டெக்ஸ்:

நன்றி. இன்று காலை தண்ணி வந்தபோது நான்கு பேர் பிரிந்து எல்லா வீட்டிலும் பார்த்துவிட்டோம். சம்புக்குள் விழுகிற இடத்தில், திறந்து 15 நிமிஷம் கழித்து எடுத்த குளோரின் அளவு (லிட்டருக்கு மில்லிகிராமில்):

கிழக்குப் பக்கம், ஒற்றைப்படை: 1 முதல் 15 வரை எல்லா வீட்டிலும் 0.5. 17, 19, 21, 23, 25, 27, 29 – ஏழிலும் பூஜ்யம், வாடையும் உண்டு. 31 முதல் 41 வரை மறுபடி 0.5.

மேற்குப் பக்கம், இரட்டைப்படை: எல்லாமே 0.5. ஆனால் 24-ம் எண் வீட்டுக்காரர் தண்ணி நாறுகிறது என்று அடித்துச் சொல்கிறார். அவர் சம்புக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தால் பூஜ்யம்.

மெயின் லைன் மேற்கு ஓரமாகப் போகிறது. தோண்டின வடிகால் கிழக்கு ஓரம். 17-க்கும் 29-க்கும் எதிரே பள்ளத்தில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணி நிற்கிறது.

---

ஃபெரூல்காரர்:

இதுக்கு மேல என்ன வேணும்! படம் மாதிரி இருக்கு.

மெயின்ல ஓட்டை இருந்தா எதிர்ப்பக்கம் இரட்டைப்படை வீட்டுலயும் பூஜ்யம் வரணும், அதைத் தாண்டி 31-க்கு மேலயும் வரணும். வரலை. அப்போ மெயின் சுத்தம். கெட்டிருக்கிறது மெயின்லயிருந்து ரோட்டைக் குறுக்கா தாண்டி வடிகால் வழியா வீட்டுக்குள்ள போற ஏழு வீட்டு இணைப்புக் குழாய். வடிகால் தோண்டும்போது பழைய அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பு (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) மாட்டும். பொக்லைன் பல்லு பட்டா ஒடியும், ஒடிஞ்சதை ஒரு துண்டு போட்டு ரப்பர் ட்யூப் சுத்திக் கட்டிட்டுப் போயிடுவாங்க. தண்ணி வர்ற நேரத்துல பார்த்தா அந்தக் கட்டுலயிருந்து மெல்லிசா பீச்சும். சப்ளை நின்னதும் அதே இடத்துல அந்தக் கறுப்புத் தண்ணி உள்ள போகும். பைப்பே அதுல மூழ்கிக் கிடக்கிறதாலதான் 15 நிமிஷம் கழிச்சும் தெளியலை. உப்புக் காத்து, உப்பு மண்ணு இருக்கிற நம்ம பக்கத்துல ஜி.ஐ. பைப்பு ஏற்கனவே சல்லடை. தொட்டாலே உதிரும்.

24-ம் நம்பருக்கு லைன்ல கோளாறே இல்லை. விழுற தண்ணி 0.5, உள்ள பூஜ்யம்னா சம்பு. சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அவரை இந்தப் புகார்ல சேர்க்காதீங்க, சேர்த்தா வர்றவரு முதல்ல அந்த வீட்டைப் பார்த்துட்டு "சம்பு கோளாறு"ன்னு மொத்தத்தையும் மூடிடுவாரு.

வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு பார்க்க வேண்டியது:

பள்ளத்துத் தண்ணியை முதல்ல இறைக்கணும். தண்ணிக்குள்ள பைப்பை வெட்டிச் சேர்த்தா, வெட்டின வாய் வழியாவே சாக்கடை லைனுக்குள்ள போகும்.

ஃபெரூல்லயிருந்து (மெயின் குழாய்ல வீட்டு இணைப்பு தொடங்குற இடம்) வீட்டுக் காம்பவுண்டு வரைக்கும் நடுவுல ஜாயின்ட் இல்லாம ஒரே நீளமா நீல எம்.டி.பி.இ. (பிளாஸ்டிக்) பைப்பு. கெட்ட இடத்துல மட்டும் ஒட்டுப் போட்டா, அடுத்த மழைக்கு அடுத்த இடம் போகும்.

வடிகாலைத் தாண்டுற இடத்துல பைப்பை நேரா விடாம, ரெண்டு இஞ்ச் உறைக் குழாய்க்குள்ள விட்டு, வடிகால் சுவருக்கு ரெண்டு பக்கமும் ஒரு அடி வெளிய நீட்டணும். வடிகால் தளத்துல படாம, மேல் மூடிக்குக் கீழ ஒட்டிப் போகணும். நடுவுல தொங்கினா குப்பை மாட்டி வடிகால் அடைக்கும், அப்புறம் தூர்வார வர்றவரு கம்பியை விட்டு உடைப்பாரு.

சாக்கடைக் குழாய் பக்கத்துல இருந்தா, தண்ணிக் குழாய் அதுக்கு மேல போகணும். விதிப்படி மெயின் குழாய்க்கு மூணு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் மேல. நம்ம தெரு அகலத்துக்கு மூணு மீட்டர் எங்க கிடைக்கப் போகுது, மேல இருக்கிறதையாவது விட்டுக்கொடுக்காதீங்க.

வேலை முடிஞ்சதும் மூடறதுக்கு முன்னாடி ஒரு சப்ளை நாள் பள்ளத்தைத் திறந்தே வைக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ஞ்ச துணியால தொட்டுப் பாருங்க. துணி நனையக் கூடாது. மண்ணைத் தள்ளிட்டாங்கன்னா அப்புறம் யாரும் காட்ட மாட்டாங்க.

---

வார்டு_நோட்டுப்புத்தகம்:

புகார் பற்றி. இது இரண்டு அலுவலகத்து வேலை, ஒன்றிடம் மட்டும் சொன்னால் பந்து அங்கும் இங்கும் போகும். குழாயும் பாதாள சாக்கடையும் குடிநீர் வாரியம்: 1916, அல்லது 044-4567 4567. வடிகால் பள்ளம் மாநகராட்சி: 1913. நீங்கள் தண்டையார்பேட்டை மண்டலம், மண்டலம் 4. இரண்டிலும் ஒரே நாளில் பதிந்து, இரண்டு புகார் எண்ணையும் ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

"எங்கள் தெருவில் தண்ணீர் சரியில்லை" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

"கிழக்குப் பக்கம் கதவு எண் 17 முதல் 29 வரை ஏழு இணைப்புகளில் கழிவுநீர் கலப்பு. சப்ளை தொடங்கி 15 நிமிடம் கழித்துக் குளோரின் பூஜ்யம். 15, 31 எண் வீடுகளிலும் எதிர்ப்பக்கம் முழுவதிலும் 0.5. இந்த ஏழு இணைப்புகளும் மழைநீர் வடிகால் பள்ளத்தைக் கடக்கின்றன. பள்ளத்தில் கழிவுநீர் தேங்கியுள்ளது. வேண்டுவது: பள்ளத்து நீரை வெளியேற்றுதல், அருகிலுள்ள மேன்ஹோலில் ஜெட்டிங் வண்டி வைத்து அடைப்பு நீக்குதல், ஏழு இணைப்புகளையும் உறைக் குழாயுடன் மாற்றுதல், அதுவரை லாரித் தண்ணீர்."

ஜெட்டிங்கை ஏன் சேர்த்தேன் என்றால், வெறும் மழைத்தண்ணி கறுப்பாக இருக்காது. பக்கத்து மேன்ஹோல் அடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் கசிகிறது. அடைப்பை எடுத்தால் இரண்டே நாளில் வாடை குறையும். அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. வாடை போனதும் "சரியாகிவிட்டது" என்று கையெழுத்துப் போட்டால் ஓட்டைக் குழாய் அப்படியே இருக்கும். கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி வடிகால் எதிர்த்து ஏறுகிற முதல் பெரிய மழையில் மறுபடி அதே கதை. குறுஞ்செய்தியில் புகார் முடிந்தது என்று வந்தால், அடுத்த சப்ளை நாளில் ஏழு வீட்டிலும் அளந்துவிட்டு, பூஜ்யம் வந்தால் அன்றே பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிதாகப் பதியுங்கள்.

மழைக்காலம் தொடங்கினால் சாலை வெட்டுக்கு மாநகராட்சி தடை போடுவது வழக்கம், அவசர வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். "கழிவுநீர் கலப்பு" என்ற சொல்லைப் புகாரில் கட்டாயம் சேருங்கள், அவசரம் என்பதற்கு அதுதான் காரணம். இதற்கும் அசையாவிட்டால் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை குடிநீர் வாரியப் பகுதி அலுவலகங்களில் குறைதீர்க் கூட்டம் நடக்கும். வீடு வாரியாக எழுதிய அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பத்துப் பேர் போய்க் கத்துவதைவிட அந்த ஒரு பக்கம் நன்றாகப் பேசும்.

லாரித் தண்ணி கேட்கும்போது கணக்கோடு கேளுங்கள். ஏழு வீடு, வீட்டுக்கு மூன்று குடித்தனம் என்றால் 21 குடும்பம். 6,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் குடும்பத்துக்கு 285 லிட்டர், 19 குடம். லாரி திரும்புகிற முனையில் முந்தின ராத்திரியே பைக், ஆட்டோக்களை எடுக்கச் சொல்லுங்கள். வண்டி உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப் போனால் அந்த நடை போனது போனதுதான்.

குரூப்பில் போட வேண்டியதைக் கீழே எழுதியிருக்கிறேன், எண்ணை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். எழுதும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. எந்த வீட்டுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று கதவு எண்ணோடு சொல்லுங்கள். 35 வீட்டுக்காரர்கள் நிம்மதியானாலே பாதிச் சத்தம் அடங்கும். அடுத்த தகவல் எப்போது என்று நேரம் குறிப்பிட்டு, சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் "மாற்றம் இல்லை" என்றாவது போடுங்கள். அந்த இடைவெளியில்தான் ஃபார்வர்டு நுழைகிறது.

"குடிநீர்த் தகவல் – வியாழன் காலை 9 மணி.
கதவு எண் 17, 19, 21, 23, 25, 27, 29: மெட்ரோ தண்ணீரைக் குடிக்க, சமைக்க, பல் தேய்க்க வேண்டாம். சம்பு வால்வை மூடி வையுங்கள்.
மற்ற 35 வீடுகள்: இன்று அளந்ததில் குளோரின் சரியாக உள்ளது. முதல் 15 நிமிடத் தண்ணீரைச் சம்பில் விடாமல் வெளியேற்றவும். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சவும்.
எல்லோருக்கும்: லைனில் நேரடி மோட்டார் வேண்டாம். சப்ளை இல்லாத நேரத்தில் அடிபம்பு அடிக்க வேண்டாம்.
புகார் எண்கள்: குடிநீர் வாரியம் ____, மாநகராட்சி ____.
லாரி: நாளை காலை 7 மணிக்குத் தெருமுனை. ஏழு வீட்டுக் குடித்தனங்களுக்கு மட்டும், குடும்பத்துக்கு 19 குடம்.
யாருக்காவது வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தால் கதவு எண்ணோடு குரூப் நிர்வாகிக்குத் தனியாக எழுதவும்.
அடுத்த தகவல்: இன்று மாலை 6 மணி."

நோய்த் தகவலைப் பொதுக் குரூப்பில் கேட்காதீர்கள். "அந்த வீட்டுல காலரா" என்று கிளப்பிவிட்டால் அந்தக் குடும்பம் கடைத்தெருவுக்குப் போக முடியாது.

---

தெருமுனை_சின்டெக்ஸ்:

அறிவிப்பு போட்டாச்சு, இரண்டு புகாரும் பதிந்தாச்சு. 24-ம் எண் வீட்டில் கோடு போட்டுப் பார்த்ததில் ராத்திரிக்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. ஒரு சந்தேகம்: ஏழு வீட்டிலும் சம்பு வால்வை மூடி வைத்தால், கெட்ட தண்ணி குழாயிலேயே தங்கிவிடாதா?

---

ஃபெரூல்காரர்:

தங்கும். அதனால சப்ளை நாள்ல வால்வுக்கு முன்னாடி இருக்கிற குழாயைத் திறந்து 5.30லிருந்து 8 மணி வரைக்கும் வெளிய ஓட விடுங்க. அந்தக் குழாய் இல்லாத வீட்டுல ஒரு டி போட்டு அரை இஞ்ச் குழாய் வெச்சுக்கச் சொல்லுங்க, அது என்னிக்கும் உதவும். ஓட விடுற தண்ணியை அந்த வடிகால் பள்ளத்துலயே விட்டுடாதீங்க, இறைக்கிறவன் திட்டுவான். 24-ம் நம்பர்காரர் சம்புக்கு வெளிப்பூச்சு பூசினா நிக்காது, உள்பக்கம் வெடிப்பை வி மாதிரி செதுக்கி, வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமென்ட் அடைச்சு, ரெண்டு கோட் பூசி, ஏழு நாள் ஈரம் காயாம வெச்சிருக்கணும். சேம்பர் அடைப்பை எடுத்துட்டு அப்புறம் பூசச் சொல்லுங்க, கசியுற சுவர்ல எதுவும் ஒட்டாது.